கச்சான் போகிற வழியில்

முஸ்தாக் மக்காவுக்கு உம்ரா போகிறார் என்ற செய்தி அந்தக் குறுந்தெருவான ஒழுங்கை முழுக்கப் பரவி, கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. அவருடைய வேனின் காதில் மட்டும் அது ஏறவில்லை. ஏறியிருந்தால், பயணம் கழுத்துக்கு வந்து நிற்கிற நேரத்தில் இப்படி மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, இழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்குமா? அதற்கு அப்படியொன்றும் பெரிய வேலை கிடையாது. காலையில் சாய்ந்தமருதில் பிள்ளைகளை ஏற்றிக் கல்முனைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், பகலில் திரும்ப ஏற்றி வர வேண்டும். எப்போதாவது ஒரு கண்டிப் பயணம். போன மாதம் அப்படி ஒரு நோயாளியைக் கொண்டுபோனபோது, மஹியங்கனை தாண்டிய மலை வளைவுகளில் அது மாட்டு வண்டியின் நடைக்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்த லொறிகள்கூட ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அந்த நோயாளியின் மனைவி வழிநெடுக ஸலவாத்து ஓதியதையும், இடையிடையே நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்த்த பார்வையையும் முஸ்தாக்கால் மறக்க முடியவில்லை.

இனி அவர் மக்காவில் நிற்கிற நாட்களில் அஸ்கி என்ற இளந்தாரிதான் வேனை ஓட்டப் போகிறான். அவன் நல்ல பையன்தான், ஆனால் வேன் நின்றால் இறங்கி நின்று போனில் படம் எடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாதவன். ஊரார் பிள்ளைகளை நடுறோட்டில் நிறுத்திவிட்டுத் தான் அங்கே கஃபாவைத் தவாபு சுற்றுவதா? இந்தப் பயணத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. யாருடைய ஹக்கும், யாருக்கும் உரிய கடனும் தன் தலையில் இல்லாமல், யாருக்கும் எந்தக் குறையும் வைக்காமல், இலேசான மனிதனாகக் கஃபாவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்காக எத்தனையோ வருடங்கள் காத்திருந்துவிட்டார்.

ஆகவே வேனை ஓட்டிக்கொண்டு நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த நிஸாமின் கராஜுக்குப் போனார். நிஸாம் அவருடைய மனைவி ஸகியாவின் தம்பி. வேலை தெரிந்தவன், வாயும் சும்மா இராதவன். எஞ்சினின் பக்கத்திலிருந்து ஒரு சாமானைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் வைத்து மச்சானின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க மச்சான், இதுதான் நெஞ்சடைப்பு."

உள்ளே கறுப்பாக, தடிப்பாக, கருகிப்போன வட்டிலப்பத்தைப் போல என்னவோ அப்பிக் கிடந்தது. விரல் போக இடமில்லை.

"இது என்ன சாமான்?"

"ஈஜிஆர் வால்வு எண்டு சொல்ற. எஞ்சின் விடுற புகையில ஒரு பங்க இது திரும்பவும் எஞ்சினுக்குள்ளயே அனுப்பும். தன்ட ஊத்தைய நீயே குடி எண்டு சொல்ற மாதிரி. குடிச்சிக் குடிச்சித்தான் இப்ப தொண்ட அடைச்சிக் கிடக்கு."

"ஏன்டா எனக்கு மட்டும் இவ்வளவு கெதியா அடைக்குது?"

"காலையில எவ்வளவு நேரம் ஸ்டார்ட்ல போட்டு வைக்கிறீங்க?"

"ஸுபஹு தொழுதிட்டு வந்து போடுவன். புள்ளயள் ஏறக்குள்ள உள்ளுக்கு ஏசி குளிரா இரிக்கோணும்தானே."

"அதான். நிண்ட நிலையில எரிஞ்சா எஞ்சின் சரியாச் சூடேறாது. பொறகு ஓடுறதும் கல்முனைக்குப் போய் வாற துண்டு ஓட்டம். அடைக்காம என்ன செய்யும்?"

பிள்ளைகள் குளிரில் ஏற வேண்டும் என்று நினைத்த நல்ல மனதுதான் வேனின் நெஞ்சை அடைத்தது என்று கேட்க முஸ்தாக்குக்கு நோகத்தான் செய்தது. என்ன வழி என்று கேட்டார்.

"ரெண்டு வழி இரிக்கி. ஒண்டு, கழட்டிக் கழுவிப் பூட்டுற. ஆனா நீங்க ஓடுற ஓட்டத்துக்கு அது திரும்ப அடைக்கும். மத்தது இது." நிஸாம் மேசையிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புத் தகடு ஒன்றை எடுத்துத் துடைத்தான். "இதக் குறுக்கால வெச்சிப் பூட்டினா அந்த வழி மூடிரும். புகை உள்ளுக்கு வராது. எஞ்சின் சுத்தமான காத்தக் குடிக்கும். கண்டி மலையில நீங்க லொறிக்கு ஹோர்ன் அடிப்பீங்க."

"புகைச் சோதனையில புடிக்க மாட்டானா?"

"முந்தியவிட நல்லாப் பாஸாகும். அவனுகள் பாக்கிற கறுப்புப் புகையத்தானே. அது குறைஞ்சிரும்."

முஸ்தாக் சிரித்தார். "அப்ப எல்லாம் லாபம்தானே! இத வெச்சி அனுப்பின ஜப்பான்காரனுக்கு என்ன பைத்தியமா?"

கேட்டிருக்க வேண்டாம். நிஸாமிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேட்காவிட்டால் சொல்ல மாட்டான், கேட்டுவிட்டால் பொய் சொல்லத் தெரியாது. தலையைச் சொறிந்தான்.

"அது மச்சான்... கண்ணுக்குத் தெரியாத புகை ஒண்டு இரிக்கி. எஞ்சினுக்குள்ள நெருப்புச் சூடு கூடினா அது கூட வரும். நெஞ்சுக்குச் சரியில்லாத சாமான். அதக் குறைக்கத்தான் இந்த வால்வ வெச்சிரிக்கான். இத அடைச்சா சைலன்சரால வாறது பாக்க நல்ல தெளிவா இரிக்கும். நஞ்சுதான் கூட. ஆனா நம்மட சோதனையில அத அளக்கிறல்ல. ஊருல எத்தின வேன் இப்பிடித்தான் ஓடுது."

"ஒரு வேனால ஊருக்கு என்ன வரப் போகுது?" என்றார் முஸ்தாக்.

"அதத்தான் எல்லாரும் சொல்ற," என்றான் நிஸாம். கேலியாகச் சொன்னானா இல்லையா என்பது அவன் முகத்தில் தெரியவில்லை.

தகடு போடுவதென்று முடிவாயிற்று. அன்றைக்கே போட நேரமில்லை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. நாளைக் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வரச் சொல்லி, வால்வைத் திரும்பப் பூட்டினான் நிஸாம். கராஜில் கிடந்தால் யாராவது எடுத்து எதற்காவது வளைத்துவிடுவார்கள் என்று தகட்டை மச்சானின் சட்டைப் பொக்கட்டுக்குள் தானே போட்டுவிட்டான்.

வீட்டில் ஸகியா மக்காவுக்குக் கொண்டுபோக சீனிச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. வீடும் வளவும் ஸகியாவுடையவை, வேன் மட்டும்தான் முஸ்தாக்குடையது. எனவே வேனைப் பற்றிய பேச்சில் தனக்குத்தான் கடைசி வார்த்தை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"அஸருக்குப் பொறகு வீடு வீடா வெளிக்கிடுவம்," என்றாள் ஸகியா. "சொந்தக்காரரட்டப் போன கிழமையே பொருத்தம் கேட்டாச்சி. ஒழுங்கை மட்டும்தான் மிச்சம்."

பயணம் போகிறவர்கள் வீடு வீடாக ஏறி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது அங்கே தவறாத வழக்கம். அதைக் கேட்காமல் போனவரை, போய் வந்த பிறகும் ஊர் ஒருமாதிரித்தான் பார்க்கும்.

"பளீல் காக்காட வீடு?" என்றார் முஸ்தாக், தெரியாதவர்போல.

"அங்கதான் முதல்ல போகோணும்."

"அவருதான் எனக்கிட்ட வரோணும்! ஒழுங்கைக்குள்ள ஒரு அடி மதிலத் தள்ளிக் கட்டினது அவரு. கண்ணாடி உடைஞ்சது என்ட வேன்ல."

நடந்தது இதுதான். மூன்று வருடங்களுக்கு முன், கிழக்கே கடல் பக்கத்து வீட்டில் இருக்கிற, ஊர் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கிற பளீல் புது மதில் கட்டினார். பளீல் அக்கரைப்பற்றில் மருதமுனையில் நெய்த இடுப்புச் சாரங்கள் விற்கும் கடை வைத்திருப்பவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஆனாலும் அவருடைய மதில் ஒழுங்கைக்குள் ஒரு அடி வெளியே வந்துவிட்டது. கடற்கரையில் திருப்பிக்கொண்டு வந்த முஸ்தாக்கின் வேன் அதில் உரசிப் பக்கக் கண்ணாடியை இழந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளும் முஸ்தாக்கின் வேனில் போக, பளீலின் மகள் நுஸ்ஹா மட்டும் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு போனாள். இது போதாதென்று, தினமும் காலையில் வேன் ஸ்டார்ட் ஆன உடனே அந்த வீட்டின் மூலை ஜன்னல் படாரென்று அறைந்து சாத்தப்படும். பளீலின் மனைவி நுஸ்ரத்தின் கைவேலை அது. மூன்று வருடமாக அந்தச் சத்தம் முஸ்தாக்கின் கன்னத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் படார் சத்தத்துக்கும் நான்தான் பொருத்தம் கேக்கோணுமா?" என்றார்.

"நீங்கதானே மக்காவுக்குப் போற," என்றாள் ஸகியா. பிறகு கண்ணில் பட்டதைக் கேட்டாள். "அதென்ன பொக்கட்டுக்குள்ள?"

அவர் தகட்டை எடுத்துக் காட்டி, நிஸாம் சொன்னதையெல்லாம் சொன்னார். மலையில் பறப்பதைக் கொஞ்சம் விரிவாகவும், கண்ணுக்குத் தெரியாத புகையைக் கொஞ்சம் சுருக்கமாகவும் சொன்னார். ஸகியா அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் புகை எங்க போகும்?"

"எங்க போற? இப்ப கச்சான் காலம். அடிக்கிற காத்து எல்லாத்தையும் கடலுக்குக் கொண்டு போயிரும்."

"கச்சான் கடலுக்குப் போற வழியிலதானே பளீல் காக்காட வீடு இரிக்கி."

அவள் சம்பலைக் கிளற ஆரம்பித்துவிட்டாள். முஸ்தாக் வாசலில் போய் நின்றார். வேன் பெருந்தெருவைப் பார்த்தபடி நின்றது. அதன் வால் பளீலின் மூலை ஜன்னலுக்கு நேரே கீழே இருந்தது. மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்று அவர் முகத்தில் அடித்து, வேனைத் தாண்டி, ஒளிவுமறைவில்லாமல் அந்த ஜன்னல் பக்கமே போயிற்று. மூன்று வருடமாக அங்கே வேன் நிறுத்துகிறவருக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறதா என்று கேட்கக்கூடாது. தெரியாமல் இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது.

ஆனால் மனிதனின் மூளை இருக்கிறதே, அது வக்கீலைவிட மோசம். முஸ்தாக்கின் மூளை அந்த இடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்கு மாலையில் பொருத்தம் கேட்கப் போகிறோம். பளீலும் பொருந்திக்கொள்வார், வீட்டுக்கு வந்தவனிடம் யார் மாட்டேன் என்பது? தகடு நாளைக்குத்தான் ஏறும். தெரிந்த பிழை, தெரியாத பிழை, நடந்த பிழை, இனி நடக்கிற பிழை என்று வார்த்தையைக் கொஞ்சம் அகலமாகப் போட்டுவிட்டால் நாளைக்குச் செய்வதும் அதற்குள் அடங்கிவிடாதா? பொருத்தத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற இந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அஸர் தொழுதுவிட்டு இருவரும் இறங்கினார்கள். முதலில் பளீல் வீடு என்று ஸகியா சொன்னாள், கடைசியில் பளீல் வீடு என்று முஸ்தாக் நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் பொருத்தம் கேட்ட வாய் மூடுவதற்குள் கிடைத்தது. கூடவே ஒரு பிளேன்டியும், ஒரு துஆவும். ஷரிபுதீன் ஹாஜியார் தன் முழங்காலுக்குத் துஆ கேட்கச் சொன்னார். நாச்சியா மாமி மகனின் விசாவுக்கு. இன்னொரு வீட்டில் பிந்திக்கொண்டே போகிற ஒரு கலியாணத்துக்கு. மக்காவுக்குப் போகிறவர் ஊரின் ஆசைகளையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரர்தான். முஸ்தாக் எல்லாவற்றுக்கும் இன்ஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டு, வயிறு முழுக்கத் தேநீரோடு பளீலின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

ஸகியா ஸலாம் சொல்லுமுன்பே கதவு திறந்தது. பளீல் சாரத்தோடு நின்றார். மூன்று வருடத்தில் தலை நரைத்திருந்தது. இது பக்கத்து வீட்டில் நடந்தும் தான் கவனிக்கவில்லையே என்று முஸ்தாக்குக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"காக்கா, நான் உம்ராவுக்குப் போறன். தெரிஞ்சும் தெரியாமலும் நடந்த பிழை, இனி நடக்கிற..."

"பொருந்திட்டன் தம்பி, பொருந்திட்டன்!" பளீல் அவரை இழுத்து அணைத்துக்கொண்டார். "நீங்க என்னப் பொருந்துங்க. அந்த மதில் விசயம். மேசன் நூலப் பிழையாத்தான் புடிச்ச. ஆனா மதில் பாதி ஏறக்குள்ளயே எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சிக்கிட்டுத்தான் வாய் மூடி இருந்த. ஒங்கட கண்ணாடி உடைஞ்ச அண்டைக்கு வந்து சொல்லியிரிக்கோணும். வெக்கத்தில வரல்ல."

முஸ்தாக் கொண்டுவந்த அகலமான வார்த்தை பாதியில் நின்றுபோயிற்று. இந்த மனிதரோ தன் பிழையை அங்குலம் பிசகாமல் எடுத்து வைக்கிறார். அணைப்பில் பொக்கட்டுத் தகடு இருவர் நெஞ்சுக்கும் நடுவில் அழுத்தியது.

"என்ன தம்பி இது, குத்துது?"

"வேன்ட சாமான் ஒண்டு," என்றார் முஸ்தாக், மெதுவாக.

உள்ளே உட்கார்ந்தார்கள். நுஸ்ரத் ஒரு தட்டில் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸகியாவின் பக்கத்தில் நின்று முஸ்தாக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் கேக்கோணும் தம்பி. காலையில ஜன்னல அடிச்சிச் சாத்துறன் எண்டு நீங்க மனசில வெச்சிருந்தாப் பொருந்திக்குங்க. கொளுக்கி பழுது, அறைஞ்சாத்தான் பூட்டும். வேன் புகை உள்ளுக்கு வந்தா புள்ளைக்கு இழுப்புத் தொடங்கிரும். அதுக்காகத்தான். கோவத்தில இல்ல, அல்லாஹ்க்குத் தெரியும்."

மூலை அறையில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், நுஸ்ஹா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது இருக்கும். மேசையில் கொப்பிகளுக்கு நடுவே, வாயில் வைத்து அமுக்குகிற நீல மருந்துப் பம்ப் ஒன்று, பென்சில் பெட்டியைப் போலச் சர்வசாதாரணமாகக் கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கச்சான் புழுக்கத்தில் பிள்ளையின் கழுத்தெல்லாம் வியர்வை. முஸ்தாக் கையிலெடுத்த பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். மூன்று வருடமாகத் தன் கன்னத்தில் விழுந்ததாக அவர் நினைத்த அறை, ஒரு பிள்ளையின் மூச்சைக் காப்பாற்ற அறைந்து சாத்திய ஜன்னல். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

எழும்பும்போது பளீல் அவர் கையை விடவில்லை.

"ஒரு துஆ தம்பி. கஃபாவக் கண்ட ஒடன கேக்கிற முதல் துஆவ அல்லாஹ் தட்ட மாட்டான் எண்டு சொல்லுவாங்க. அந்த முதல் துஆவ எங்கட புள்ளட நெஞ்சுக்குக் கேளுங்க. எங்களுக்கு வேற ஒண்டும் வேணாம்."

அன்று மாலை முழுக்க எத்தனையோ பேருக்குச் சொன்ன இன்ஷா அல்லாஹ்தான். இந்த வீட்டில் அதைச் சொல்ல முஸ்தாக்குக்கு நாக்கு புரளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்சத் தூரத்தில் முஸ்தாக் தனக்குள் பேசிக்கொண்டு வந்தார். அந்த ஊத்தையை யாரோ ஒருவர் குடித்துத்தான் ஆக வேண்டும். எஞ்சின் குடித்தால் வால்வு அடைக்கிறது, கழுவலாம். எஞ்சினுக்குச் சுத்தமான காற்று வேண்டுமென்று அந்த வழியை மூடினால், அதன் பங்கு காற்றில் ஏறி ஜன்னல் தேடிப் போகும். நஞ்சு கண்ணுக்குத் தெரியாததால் நுஸ்ரத்துக்கு ஜன்னலைச் சாத்தவும் தோன்றாது. இங்கே தகட்டைப் போட்டுவிட்டு, அங்கே போய்க் கைகளை ஏந்தி, யா அல்லாஹ் அந்தப் பிள்ளையின் நெஞ்சைச் சுகமாக்கு என்று கேட்பதா? அல்லாஹ்வோடு விளையாடுகிற வேலை அது. வேன் மலையில் நின்றால் நிற்கட்டும்.

வாசலில் நின்றபடியே நிஸாமுக்குப் போன் எடுத்தார்.

"தகடு வேணாம். கழட்டிக் கழுவிப் போடு."

"திரும்ப அடைக்கும் மச்சான். நான் சொன்னன்தானே."

"அடைச்சாத் திரும்பக் கழுவு. ஒனக்கு வேலை கிடைக்கிறது பிடிக்கல்லயா?"

நிஸாம் சிரித்தான். "அப்ப நிண்ட நிலையில ஓட விடாதீங்க. பாதி வருத்தம் அதிலதான். ஏறின ஒடன எடுத்துப் போங்க, கிழமைக்கொருக்கா அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு நீட்டு ஓட்டம் ஓடுங்க. அதிகநாள் தாங்கும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "நல்ல வேலை மச்சான்."

மறுநாள் ஸுபஹு முடிந்து வந்த முஸ்தாக் வேனுக்குள் ஏறவில்லை; பிள்ளைகள் வருகிற நேரம் நெருங்கியதும்தான் வெளியே வந்தார். ஸ்டியரிங் பூட்டை எடுத்து, கைப்பிரேக்கை இறக்கி, டிரைவர் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கதவுச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு தள்ளத் தொடங்கினார். வேன் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எதிர்க்காற்று வேறு. மூச்சு வாங்கியது. மூன்று வீடு தாண்டியதும் வடிகாலை மூடிய காண் மூடியின் மேட்டில் சக்கரம் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. அவர் முக்கிக்கொண்டு நின்றபோது, திடீரென்று பாரம் குறைந்து வேன் மேடேறியது. திரும்பிப் பார்த்தார். பளீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் சத்தம் கேக்கல்ல, என்ன எண்டு பாத்தன்," என்றார் மூச்சிரைக்க. "பயணம் போற நேரத்திலயா இது பழுதாகோணும்? தள்ளுங்க தம்பி, தள்ளுங்க."

முஸ்தாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். இரண்டு பேருமாகப் பெருந்தெரு விளிம்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முஸ்தாக் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கொஞ்சம் இருமிவிட்டு வேன் உடனே பிடித்துக்கொண்டது.

பளீல் நெற்றி வியர்வையைத் துடைத்த கையோடு அப்படியே நின்றார். "ஓடுதே! பின்ன என்னத்துக்குத் தம்பி தள்ளின?"

முஸ்தாக் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து, பொக்கட்டிலிருந்து தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நேத்து ஒங்களக் குத்தினது இதுதான் காக்கா." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வால்வையும், அடைக்கிற வழியையும், கண்ணுக்குத் தெரியாத புகையையும், பொருத்தத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கப் பார்த்த தன் சாமர்த்தியத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். "இண்டைக்குப் பூட்ட இருந்த. பூட்ட மாட்டன். ஆனா மூணு வருஷமா ஒங்கட ஜன்னலுக்குக் கீழ ஸ்டார்ட்ல போட்டு வெச்சது வெச்சதுதான். புள்ளைக்கு வருத்தம் எண்டு தெரியாது. கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அதையும் பொருந்திக்குங்க காக்கா."

நேற்று இதே மனிதர், கேட்ட வாய் மூடுமுன் பொருந்தியவர். இன்றைக்குத் தகட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அக்கரைப்பற்று பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. அதன் புகை அடங்குகிற வரைக்கும் பொருத்தம் வரவில்லை. முஸ்தாக்குக்கு நேற்றுக் கிடைத்த பொருத்தம் எவ்வளவு மலிவானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"மதில் என்ட," என்றார் பளீல் கடைசியில். "அதுக்கு நான் ஒங்களக் கேட்டன். எனக்குச் செஞ்ச பிழைக்கு நீங்களும் என்னட்டக் கேக்கலாம். இது என்ட ஹக்கு இல்ல தம்பி. மூச்சு அவட. நான் எப்பிடிப் பொருந்துற? அவக்கிட்டக் கேளுங்க."

தகட்டைத் திரும்ப அவர் கையில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆனால் இறங்கி வருகிற குரலும் இல்லை.

முஸ்தாக் ஒழுங்கைக்குள் திரும்பி நடந்தார். வேனைத் தேடிப் பெருந்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைப் புதினமாகப் பார்த்தார்கள். நுஸ்ஹா வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாக, புத்தகப் பையோடு கேட்டுக்கு முன்னால் வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்காக நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது மனிதர், ஊரின் துஆக்களையெல்லாம் சுமந்து போகிறவர், அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மகள், மாமாவப் பொருந்திக்குங்க."

"என்னத்துக்கு மாமா?"

"வேன் புகைக்கு. அது ஒங்கட ஜன்னலுக்கு வந்ததுக்கு."

பிள்ளை யோசித்தாள். பெரியவர்களைப் போலப் பொருந்திட்டன் என்று உடனே சொல்ல அவளுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

"நான் பொருந்தினா இழுப்பு வராதா மாமா?"

"தெரியா மகள்," என்றார் முஸ்தாக். "ஆனா இனிமே இந்த ஒழுங்கைக்குள்ள வேன் ஸ்டார்ட் ஆகாது. அஸ்கிக்கும் சொல்லிட்டுத்தான் போவன்."

"அப்ப நான் பாத்திட்டுச் சொல்றன்," என்றாள் நுஸ்ஹா.

யாருடைய ஹக்கும் தலையில் இல்லாமல் போக ஆசைப்பட்டவர், நுஸ்ஹாவின் அந்த ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டுதான் மக்காவுக்குப் போனார். கஃபாவைக் கண்ட உடனே கேட்ட முதல் துஆ அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்காக இருந்தது. தனக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை.